மாமியார் பெயரில் இருக்கும் வீடு – கடிதம்

அன்புள்ள மேடம்,

திருமணமாகி ஆறு வருடம். மாமியார் பெயரிலுள்ள வீட்டின் மாடியில் கணவரோடு இருந்தேன். போன மாதம் சண்டையில் என்னை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அம்மா வீட்டில் இருக்கிறேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், கணவர் பெயரே இல்லை. விவாகரத்து வழக்கு போட்டால்தான் வீடு கேட்க முடியுமா? ஊர் என்ன பேசுமோ என்றும் பயம்.

ம.

அன்புள்ள ம.,

ஊர்ப் பேச்சை விடுங்கள். விவாகரத்து வழக்கும் தேவையில்லை.

ஆனால் வில்லங்கம் பார்க்க ஏனம்மா ஓடினீர்கள்? நீங்கள் சொத்து கேட்கவில்லை, குடியிருக்கக் கேட்கிறீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 17ஆம் பிரிவில் அந்த உரிமையைத் தருகிறது. உள்ளே விடாமல் தடுப்பதே அதில் பொருளாதார வன்முறை. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் மருமகள் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் தேட வேண்டியது அங்கே குடியிருந்ததற்கான சான்று: ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, கேஸ் புத்தகம்.

பல மனுக்கள் தோற்பது வேறு இடத்தில். 'வீட்டில் வசிக்க அனுமதிக்க வேண்டும்' என்று ஒற்றை வரியில் கேட்கிறார்கள். அப்படியே உத்தரவும் வருகிறது. உள்ளே போனால் சமையலறைக்குப் பூட்டு, மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில், மாடிக்குத் தண்ணீர் ஏறாது. உத்தரவில் தண்ணீர் என்ற சொல்லே இருக்காது. அதனால் கதவு எண், மாடிப்படி, சமையலறை, கழிப்பறை, மின் இணைப்பு, மோட்டார், ஒரு செட் சாவி என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கேளுங்கள். வீட்டை விற்கத் தடை, உள்ளே போகப் போலீஸ் துணை, சேர்ந்திருக்க முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு வீடு அல்லது வாடகை, எல்லாம் 19ஆம் பிரிவில் உண்டு. மாமியாரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஆனால் அவரை வெளியேற்றக் கேட்காதீர்கள். பெண்ணை வெளியேற்ற அந்தப் பிரிவு இடம் தராது.

உங்களிடம் வன்முறை செய்யக் கூடாது என்று தடுக்கும் 18ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். 31ஆம் பிரிவின் ஓராண்டு வரையிலான சிறை அதை மீறினால்தான். வசிப்பிட உத்தரவை மட்டும் வாங்கிவைத்தால் பிடி தளர்ந்துவிடும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்குப் பிரமாண வாக்குமூலம் வேண்டும்.

அம்மா ஊர் நடுவர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், சம்பவ அறிக்கை அவர் தயாரிப்பார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. போகும்போது, அங்கே விட்டு வந்த நகை, பாத்திரம், சான்றிதழ்களின் பட்டியலையும் எழுதி எடுத்துப் போங்கள். அவற்றைத் திரும்பக் கேட்கவும் இதே மனு போதும்.