வெயிலில் எடுத்தால் மட்டும் படத்தின் ஓரம் கருப்பு

கேள்வி: மாமா கொடுத்த பென்டாக்ஸ் கே1000 கேமராவில் வெயிலில் எடுக்கும் படங்களில் ஒரு ஓரம் கருப்பாகிவிடுகிறது, நிழலில் எடுத்தவை நன்றாக வருகின்றன. பழுது பார்ப்பவர் ஒருவர் ஸ்பிரிங்கை இறுக்கினால் சரியாகும் என்கிறார். இறுக்கச் சொல்லலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வேண்டாம், இப்போதைக்கு யாரையும் ஸ்பிரிங்கைத் தொட விடாதீர்கள். முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: அந்தப் படங்களுக்கு ஃபிளாஷ் போட்டீர்களா? இந்த கேமராவில் ஃபிளாஷுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/60 வரைதான், அதற்கு மேல் வைத்தால் ஓரம் இருளத்தான் செய்யும், அது பழுதே இல்லை.

ஃபிளாஷ் இல்லையென்றால் கோளாறு ஷட்டரில்தான். உள்ளே ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை விலகித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/1000 வேகத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அது ஃபிலிமின் மேல் ஒரு கோடு போல நகர்ந்து போகிறது. முதல் திரை கொஞ்சம் சோர்ந்தாலும் பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும், இடைவெளி மூடிக்கொள்ளும், மிச்சப் பகுதிக்கு வெளிச்சமே போகாது. வேகத்தைக் குறைத்தால் இடைவெளி அகலம் என்பதால் தப்பித்துவிடுகிறது. வெயிலில் வெளிச்சம் அதிகம் என்பதால் வேகத்தைக் கூட்டி வைக்கிறோம், உங்களுக்கு அங்கே மட்டும் வருவது இதனால்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ரோல் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றிவிட்டு, பளிச்சென்ற வானத்தைப் பார்த்து 1/1000-ல் பலமுறை அழுத்துங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது படச்சட்டம் முழுதும் ஒரே வெளிச்சமாக மின்ன வேண்டும். ஓரம் இருட்டாகவே நின்றால் சந்தேகமில்லை. அப்படியே 1/500, 1/250 என்று இறங்கிப் பாருங்கள், எந்த வேகத்தில் சரியாகிறதோ அதுவரை இந்த கேமராவை நம்பி எடுக்கலாம்.

இனி திரையை இழுக்கும் ஸ்பிரிங் விஷயம். திரை சோர்வதற்குப் பெரும்பாலும் காரணம் பல வருடம் கழித்துக் கெட்டியாகிப்போன கிரீஸும் உருளைகளில் சேர்ந்த அழுக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு இறுக்கினால் சில மாதம் ஓடும், ஆனால் அந்த அழுக்கை எதிர்த்து இழுக்கிற பாரம் பழைய துணியின் மேலும் அதை ஒட்டியிருக்கும் பசையின் மேலும் விழும். கழற்றிச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மட்டும் துளி எண்ணெய் இட்டு, கடைசியில் அளந்து பார்த்து இறுக்கம் வைப்பதுதான் முறை. அவரிடம் “ஷட்டர் டெஸ்டர் (வேகத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கிறீர்களா” என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள், காது கேட்டு 1/1000-ஐ யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அதே கே1000 தான். ஒரு செகண்டில் வைத்து அழுத்தினால் லென்ஸுக்குப் பின்னால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலேயே நின்றுவிடுகிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெய் ஊர்ந்து துணியில் ஏறினால் திரையே போய்விடும். இந்த கேமராவில் இரண்டாவது திரை ஓடி முடித்த பிறகுதான் கண்ணாடி கீழே இறங்கும், அதனால் கண்ணாடி நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திரையையும் மெதுவான வேகங்களை நடத்தும் பல்சக்கரங்களையும்தான். அதற்கு முன் கண்ணாடி போய் மோதும் இடத்திலுள்ள ஸ்பாஞ்சை ஒரு தீக்குச்சி நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பாஞ்ச் பிசினாகிக் கண்ணாடியை ஒட்டிப் பிடிப்பது சகஜம், அப்படி இருந்தால் மாற்றினாலே வேலை முடிந்தது.

ஸ்பாஞ்ச் நன்றாக இருந்தால் போனில் ஸ்லோமோஷன், நொடிக்கு 240 படம், பின்பக்கமாக வீடியோ எடுங்கள். 1/4 என்றால் சுமார் 60 படங்களில் வெளிச்சம் தெரிய வேண்டும், 1/30 என்றால் 8. அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், கலர் நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. ஒரு செகண்ட் ஒருமுறை இரண்டாகவும் மறுமுறை நாலாகவும் இழுத்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். அதுவரை 1/60-க்கு மேல் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பகலில் தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி: யாஷிகா எலக்ட்ரோ 35, பேட்டரி இல்லாமலே கிளிக் ஆகிறது. ஆனால் வீட்டுக்குள் எடுத்தால் எல்லாம் இருட்டு. ஷட்டர் போய்விட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: ஷட்டர் நன்றாகவே இருக்கலாம். மின்சாரம் இல்லாவிட்டால் இது சுமார் 1/500 வேகத்தில் மட்டும்தான் ஓடும், வீட்டு வெளிச்சத்துக்கு அது எங்கே போதும்? இதற்கென்று இருந்த 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 வாங்கி, நீளம் குறையும் இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்துப் போடுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பேட்டரி செக் விளக்கு எரிந்தால், அறைக்குள் அபர்ச்சரை (லென்ஸின் துளை அளவை) 16-ல் வைத்து அழுத்துங்கள். திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே காது நன்றாகக் கேட்கிற அளவு இடைவெளி இருக்க வேண்டும்.