தியோஃபிலின் இல்லாமலே பரவுகிறதா? முதலில் ஓம்புயிரைப் பாருங்கள்

தியோஃபிலின் என்ற சிறு மூலக்கூறு இருந்தால் மட்டுமே நீந்திப் பரவும்படி வடிவமைத்த உங்கள் ஈ.கோலை பாக்டீரியா, அது சேர்க்காத தட்டிலும் பரவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரிபோசுவிட்சை (தியோஃபிலின் ஒட்டினால் புரத உற்பத்தியைத் திறந்துவிடும் ஆர்.என்.ஏ. பகுதி) குறை சொல்வதற்கு முன், ஓம்புயிரின், அதாவது அந்த அமைப்பைத் தாங்கும் ஈ.கோலை செல்லின், குரோமோசோமிலிருந்து கீ-இசட் (cheZ) மரபணு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வடிவமைப்பின் உயிரே அதுதான். அந்த மரபணு இல்லாத செல் ஓயாமல் உருண்டுகொண்டே கிடக்கும். தியோஃபிலின் வந்து, பிளாஸ்மிட்டில் (செல்லுக்குள் செலுத்தும் சிறு வட்ட டி.என்.ஏ.) உள்ள ரிபோசுவிட்ச் திறந்து, கீ-இசட் புரதம் உருவானால்தான் நேராக நீந்தும். எமரி பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் காலிவன் குழு 2007இல் இப்படித்தான் செய்தது. 2010இல் அட்ரசின் களைக்கொல்லியைத் தேடிப் போய்ச் சிதைக்கவும் வைத்தார்கள், அற்புதமான வேலை!

சரி, பிளாஸ்மிட் இல்லாத அதே செல்லை 0.25% அகாரில் வைத்துப் பாருங்கள். அதுவும் பரவினால் மரபணு நீங்கவில்லை. பரவாவிட்டால் பிளாஸ்மிட்டில்தான் கசிவு, அதாவது தியோஃபிலின் இல்லாமலே அதிலிருந்து புரதம் உருவாகிறது. வலுக்குறைந்த புரோமோட்டருக்கு (மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) மாறுங்கள்.