வாசகர் கேள்வி–பதில்: மாண்டோவானியின் வயலின்கள்

கேள்வி: என் தந்தை விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் பலவற்றின் உறையில் ‘மாண்டோவானி’ என்ற பெயர் இருக்கிறது. அவற்றில் வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வருவதுபோல் ஓர் ஒலி கேட்கிறது. இது ஒலிப்பதிவின்போது கருவியால் சேர்க்கப்பட்ட எதிரொலியா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. அந்தச் சரிவு முழுவதும் இசைக்குறிப்பிலேயே எழுதப்பட்டது. ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ‘முதல் வயலின்கள்’ எனப்படும் பிரிவினர் அனைவரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். இங்கே வயலின்களைப் பல பிரிவுகளாகப் பிரித்து, மெட்டின் சுரங்களை அவற்றுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். முதல் சுரத்தை வாசித்த பிரிவு வில்லை எடுக்காமல் அதையே நீட்டிக்கொண்டிருக்க, அடுத்த பிரிவு இரண்டாம் சுரத்தைத் தொடங்குகிறது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்து சேர்கிறது. உயர்ந்த கூரையுள்ள பெரிய தேவாலயத்தில் ஓர் ஒலி அடங்குமுன் அடுத்தது எழுவதைப் போன்ற முழக்கம் இப்படித்தான் பிறக்கிறது.

இந்த முறையை வகுத்தவர், ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மாண்டோவானி அல்லர். அவருக்காக இசைக்கோப்பு செய்த ரொனால்ட் பிஞ்ஜ். 1926-இல் உருவான ‘சார்மெயின்’ என்ற பழைய வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடன) மெட்டை 1951-இல் அவர் இவ்வாறு அமைத்துக் கொடுக்க, டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அந்தத் தட்டு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் புகழ்பெற்றது. பி.பி.சி. வானொலியில் இரவு நேரக் கடல் வானிலை அறிக்கைக்கு முன் ஒலிக்கும் ‘செய்லிங் பை’ மெட்டும் பிஞ்ஜ் அமைத்ததுதான். அவர் பெயரைச் சொல்லாமல் இந்த வயலின்களைப் பாராட்டுவது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மாண்டோவானியின் இசைவாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 1905-இல் வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தையும் வயலின் கலைஞர். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் புகழ்பெற்ற இசை நடத்துநர் டோஸ்கனினியின் கீழ் வாசித்தவர். குடும்பம் 1912-இல் இங்கிலாந்தில் குடியேறியது. 1930-களில் ஓட்டல் இசைக்குழுக்களாலும் வானொலியாலும் அறியப்பட்ட மாண்டோவானி, போருக்குப்பின் ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் இசைநாடகங்களையும் நடத்தினார். ஆக, ‘சார்மெயின்’ வெளிவந்தபோது அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்த, தொழிலில் நன்கு பழுத்த நடத்துநர். 1953-இல் ‘மூலான் ரூஷ்’ படத்தின் மெட்டைப் பதிவுசெய்தார். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கருவியிசைத் தட்டு அதுவே. அமெரிக்காவில் அவருடைய தட்டுகள் ‘லண்டன்’ என்ற முத்திரையில் விற்பனையாயின. 1959-இல் அங்கே முதல் முப்பது எல்.பி.க்களில் (நெடுநேர இசைத்தட்டுகளில்) ஆறு ஒரே நேரத்தில் அவருடையவையாக இருந்தன. 1980-இல் காலமானார்.

கேள்வி: இதைப் பின்னணி இசை என்று சிலர் ஒதுக்குகிறார்களே? கேட்க வேண்டிய தட்டுகள் எவை?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாழ்ந்த ஒலியில் எங்கோ ஓடவிட்டால் எந்த இசையும் பின்னணி இசையாகிவிடும். ஏறத்தாழ நாற்பது கலைஞர்கள், பெரும்பாலும் தந்திக் கருவியாளர்கள், தத்தம் பங்கான ஒற்றைச் சுரத்தைச் சரியான கணத்தில் தொட்டு, நீட்டி, அடுத்தவருக்கு வழிவிடுவதை ஒரு முறையேனும் உட்கார்ந்து கேட்டவர், அதன் பின்னுள்ள ஒழுங்கைக் குறைத்துப் பேசமாட்டார். எல்லாப் பதிவுகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும், பிற்காலத்தில் அதே உத்தி சில பாடல்களுக்குத் தேவையின்றிப் பூசப்பட்டது என்பதையும் நான் மறுக்கவில்லை.

முதலில் ‘சார்மெயின்’ கேளுங்கள். பிறகு, அமெரிக்காவில் 1957-இல் முதலிடம் பிடித்த ‘ஃபிலிம் என்கோர்ஸ்’ தொகுப்பையும், 1960-இல் வெளியான ‘எக்சோடஸ்’ தொகுப்பையும் தேடுங்கள். வாங்குமுன் உறையில் மோனோவா (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோவா (இடம், வலம் என இரு தடங்களில்) என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அவருடைய கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு 1953-இல் மோனோவில் வந்து, 1958-இல் ஸ்டீரியோவுக்காக மீண்டும் வாசித்துப் பதிவுசெய்யப்பட்டது. இரண்டும் வெவ்வேறு பதிவுகள். பிரிந்து வாசிக்கும் வயலின்களைத் தனித்தனியே கேட்க விரும்புவோர் ஸ்டீரியோவையே தேர்ந்தெடுக்கலாம்.