சுவிஸ் மலைக்காட்டுப் பூவில் இருந்த சிவப்பு வண்டு வீட்டுப் பலகையை அரிக்குமா?

சுவிசில் இருக்கும் தம்பி ஊசியிலைக் காட்டோரம் எடுத்த படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: வெள்ளைக் குடைப்பூ, அதன்மேல் நீளக் கொம்புள்ள சிவப்பு வண்டு. கொழும்பு வீட்டில் பைன் பலகையில் செய்த அலுமாரிக்கும் ஆபத்தா என்பது உங்கள் கவலை. ஆபத்தில்லை.

தோள் அகன்று பின்பக்கம் ஒடுங்கும் உடலும், கண்ணுக்குப் பின்னால் கழுத்துப்போல் சிறுக்கும் தலையும் இருந்தால் அது பூ நாடும் நீள்கொம்பு வண்டுதான். அடுத்து முன்மார்பின், அதாவது தலைக்கு அடுத்துள்ள பகுதியின், நிறத்தைப் பாருங்கள். சிறகுறையும் (முதுகை மூடும் கடினமான முன்சிறகு) முன்மார்பும் இரண்டுமே சிவப்பென்றால் ஸ்டிக்டோலெப்டுரா ரூப்ரா இனத்துப் பெண். நீளம் 10 முதல் 20 மி.மீ. சிறகுறை சிவந்து முன்மார்பு கறுத்திருந்தால் பெரும்பாலும் அனஸ்ட்ரங்காலியா பேரினத்துப் பெண். ரூப்ரா ஆணுக்குக் கறுப்பு முன்மார்பு, மங்கல் மஞ்சள்-மண்ணிறச் சிறகுறை. பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரே பூவில் சோடியாக இருப்பதை இரண்டு இனமென்று எழுதிவிடுவார்கள். அதனால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிழல் பட்டால் பறந்துவிடும். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, கீழிருந்து நெருங்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வெயில் நேரம் நல்லது. கரட், கொத்தமல்லிக் குடும்பத்துக் காட்டுச் செடிகளின் பூக்களில் தேட வேண்டும்.

வளர்ந்த வண்டுக்கு உணவு மகரந்தமும் தேனும். மரம் தின்பது புழு. அதுவும் ஈரம் ஏறி உக்கத் தொடங்கிய பைன், ஸ்புரூஸ் அடிக்கட்டைகளில், 2 அல்லது 3 ஆண்டுகள். மண்ணில் நட்ட வேலிக் கம்பங்களிலும் சிலவேளை இருக்கும். காய்ந்த அலுமாரிப் பலகை அதற்கு ஆகாது.

ஐரோப்பாவில் வீட்டுக்கூரையைத் துளைப்பது வேறு ஆள்: ஹைலோட்ரூப்பஸ் பஜுலஸ். கருமண்ணிறம், தட்டையான உடல், குட்டைக் கொம்பு, முன்மார்பில் பளபளக்கும் இரண்டு மேடு. காய்ந்த ஊசியிலை மரம்தான் அதன் இரை. பூவில் தேடிப் பயனில்லை.

அலுமாரி செய்த பலகை துறைமுகம் வழி வந்த பலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) என்றால், அதில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு 'எச்.டி.' (HT) முத்திரை இருந்ததா என்று தச்சரிடம் கேளுங்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கியதன் அடையாளம் அது. உள்ளே புழு இருந்தாலும் செத்திருக்கும். அதற்குப் பிறகும் தூள் கொட்டினால் கறையானையோ தூள்வண்டையோ சந்தேகப்படுங்கள்.