மதிப்பெண் மட்டும் போதாது: ஃபேர்ஃபாக்ஸில் கிஃப்டட் தேர்வு

அன்புள்ள சகோதரிக்கு,

சென்னையிலிருந்து வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டிக்குக் குடிவந்துள்ள நீங்கள், இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் மகளுக்குக் கிஃப்டட் வகுப்பில், அதாவது மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான வகுப்பில், இடம் கிடைக்க எத்தனை மதிப்பெண் வேண்டும், இப்போதே பயிற்சி மையத்தில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் இதற்குப் பொதுவிதி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் அதிலுள்ள பள்ளி மாவட்டங்களும் தத்தம் வழியில் முடிவு செய்கின்றன. ஃபுளோரிடா நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 130 என்பதை ஒட்டிக் கோடு கிழிக்கிறது. நம் கவுன்டியிலோ ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் தொடங்கும் முழுநேரக் கிஃப்டட் திட்டத்திற்காக, இரண்டாம் வகுப்பில் கோகாட் என்னும் தேர்வு நடக்கிறது. சொல், எண், உருவம் என மூன்று பகுதிகள் கொண்ட அதில் சராசரி 100; 132 என்பது ஏறத்தாழ 98ஆவது பெர்சென்டைல், அதாவது அந்த வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 98 பேரைவிட மேல். ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைக்கு உருவப் பகுதி உதவும். ஆனால் தேர்வுக்குழு அந்த எண்ணோடு ஆசிரியரின் மதிப்பீடு, வகுப்பு முன்னேற்ற அறிக்கை, பிள்ளை தானே எழுதிச் செய்தவற்றின் மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்தே படித்துப் பார்க்கிறது. மதிப்பெண் குறைந்தாலும் பெற்றோரே பரிந்துரை அனுப்பலாம். கிடைக்காவிட்டால் மேல்முறையீடும் செய்யலாம்.

எங்கள் மூத்தவனுக்கு நாங்கள் சறுக்கியது இங்கேதான். சொந்தப் பிள்ளையை நாமே புகழ்ந்து எழுதுவதா என்று கூச்சப்பட்டு, மதிப்பெண்ணை மட்டும் நம்பி, எதையும் அனுப்பாமல் இருந்துவிட்டோம். அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. இளையவளுக்கு அப்படி விடவில்லை. கோலத்திற்குப் புள்ளி வைக்கும்போது 1, 3, 5, 7 என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 4, 9, 16 என வர்க்க எண்கள் வருவதைத் தானே கண்டுபிடித்து அவள் கிறுக்கிய தாளை, ஓர் ஓரத்தில் காபிக் கறை இருந்தும், அப்படியே அனுப்பினோம். அச்சடித்த பயிற்சித்தாள் நூறு பக்கம் இருந்தாலும் பிள்ளை யோசிக்கும் விதத்தை அந்த ஒரு தாள் அளவுக்குக் காட்டியிராது என்றே நினைக்கிறேன்.

ஆகவே பயிற்சி மையத்திற்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். கேள்விகளின் போக்கு பழகச் சில மாதிரித் தாள்கள் போதும். பரிந்துரைப் படிவத்திற்குக் கடைசி நாள் எது என்று மட்டும் இந்த வாரமே பள்ளியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தப்பினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரலாம்.