வாசற்படியில் பாட்டி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள மிஸ்,

வணக்கம். என் அம்மா உங்களிடம் தமிழ் படித்தவர். நான் பத்து வருடமாகக் கல்யாணம், காவடி, பிறந்தநாள் என்று டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துப் பிழைக்கிறேன். போன வருடம் இறந்துபோன மாமாவின் அலமாரியில் பென்டாக்ஸ் கே1000 என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கிடைத்தது. இரண்டு ரோல் எடுத்துப் பார்த்தேன். கட்டடமும் கடலும் நன்றாக வந்தன. மனிதர்கள் வரவில்லை. கோவில் வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்ற பெரியவர்களுக்கு முகமே இல்லை. கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் நடுவில் நின்ற பிறகுதான் ஒவ்வொரு படமும் எடுத்தேன். தனியாக ஒரு லைட் மீட்டர் வாங்கினால் சரியாகுமா? கலர் நல்லதா, கறுப்பு வெள்ளையா? ஸ்கேனர் எது வாங்கலாம்? வரும் தைப்பூசக் காவடிக்கு டிஜிட்டலை வீட்டில் வைத்துவிட்டு ஃபிலிமோடு மட்டும் போகப் போகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். டிஜிட்டலில் எல்லாமே பொய்யாகிவிட்டது மிஸ். ஃபிலிம் பொய் சொல்லாது, அதற்கு ஓர் ஆன்மா இருக்கிறது என்று நம்புகிறேன். நீங்கள் பழைய குடும்பப் படங்களைப் பற்றி எழுதியதைப் படித்ததால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ச., ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள ச.,

உன் அம்மா என்னிடம் படித்தவள் என்றால் உன்னை ‘நீங்கள்’ என்று எழுத எனக்குக் கை வராது. பொறுத்துக்கொள்.

ஸ்கேனரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கடையில் கேள். நண்பர்கள் சிரிப்பதை ஒரு விஷயமாகக் கடிதத்தில் எழுதும் வயதை நீ தாண்டியிருக்க வேண்டும். கலரா, கறுப்பு வெள்ளையா என்பது இலையில் ஏழு கறி இருக்கும்போது முதலில் எதைத் தொடுவது என்று கேட்பது மாதிரி. பசித்தவன் கேட்க மாட்டான்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே உன் கடைசி வரிகளுக்காகத்தான். ஃபிலிம் பொய் சொல்லாதாம். யார் சொன்னது உனக்கு?

என் வீட்டில் பாட்டியின் படங்கள் இரண்டு இருக்கின்றன. அப்பாவைப் பெற்றவள். ஃப்ளாக் பக்கம் கரும்புத் தோட்டத்தில் களையெடுத்தே முதுகு வளைந்தவள். முதல் படம் போர்ட் லூயியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரை, பக்கத்தில் பூச்சாடி, பாட்டியின் முகம் மெழுகு மாதிரி வழவழவென்று வெளுத்திருக்கும். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் தீற்றுவார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். காசு வாங்கிக்கொண்டு ஒரு கறுப்புக் கிழவியை வெளுத்துக் கொடுத்தார்கள், குடும்பமும் சந்தோஷமாகச் சட்டம் போட்டு மாட்டியது. என் மகள் சின்ன வயதில் அதைப் பார்த்து, ‘யார் இந்த மதாம்?’ என்று, யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

இரண்டாவது படம் அப்பா எடுத்தது. யாரிடமோ இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா. உச்சி வெயில், சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளைச் சேலை, வாசற்படியில் பாட்டி. சுவர் தெரிகிறது, சேலையின் மடிப்பு தெரிகிறது, படியின் விரிசல்கூடத் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொத்தல். அதில் மூக்குத்தி ஒரு புள்ளியாக மின்னும். அவ்வளவுதான். உன் கோவில் வாசல் பெரியவர்கள் மாதிரியேதான், தம்பி. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, அந்தப் பொத்தல்தான்.

ஆக, ஒரு படத்தில் பாட்டி மதாம், இன்னொன்றில் பாட்டி இல்லை. இரண்டும் ஃபிலிம்தான்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குளியலறையை இருட்டறையாக்கிப் படம் கழுவுவார். மருந்துத் தட்டை அலுங்காமல் ஆட்டுவது என் வேலை. சிவப்பு பல்பு மட்டும் எரியும். ‘வெள்ளை விளக்குப் பட்டால் காகிதம் கெட்டுவிடும் என்கிறீர்கள், சிவப்பு விளக்கு மட்டும் ஏன் கெடுக்காது?’ என்று கேட்டேன். ‘அதுக்குச் சிவப்புத் தெரியாதும்மா, குருடு’ என்றார். எட்டு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சொல் திரும்பி வந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் வெட்கப்படு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள், அவற்றோடு அவர்களுடைய படங்கள். 1867-ல் இந்தத் தீவில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த ‘பழைய குடியேறிகள்’ எல்லோரும் தங்கள் படம் ஒட்டிய சீட்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். செலவு அவன் தலையில். சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் ஊர்சுற்றி என்று பிடித்துக்கொண்டு போவார்கள். ஏழைக்கு முகத்தோடு ஓர் அடையாள அட்டை என்பது உலகத்தின் பல ஊர்களுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் நம் தாத்தன்களுக்கு வந்துவிட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை, போலீஸ்காரனுக்கு வசதியாக வந்தது அது. 1871-ல், அவர்களுக்காக வாதாடிய தெ ப்ளெவிட்ஸ் எழுதிக்கொடுத்த மனுவில் 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அவர்கள் அழுத குறைகளில் இந்தச் சீட்டும் ஒன்று. அடுத்த வருடம் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்து இறங்கியது. நீ ஆன்மா இருப்பதாக நம்பும் அந்தக் கலை, நம்முடைய ஆட்களிடம் முதலில் வந்து சேர்ந்தது காவல் நிலையத்தின் வழியாகத்தான்.

சரி, படங்களுக்கு வருகிறேன். பக்கம் பக்கமாக முகங்கள். எல்லோரும் ஒரே இருட்டாக இருந்தார்கள். கறுப்பாக இருப்பது வேறு, இருட்டாக இருப்பது வேறு. நம் தமிழில் இதற்குச் சொல்லா இல்லை? மாநிறம், புதுநிறம், கருஞ்சிவப்பு, கருங்காலி நிறம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டச்சுக்காரன் இந்தத் தீவின் காட்டை வெட்டியதே கருங்காலிக்காகத்தான். அந்த மரத்தை இழைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், கறுப்புக்குள் எத்தனை ரேகை ஓடுகிறதென்று. அந்தப் பதிவேட்டு முகங்களில் ரேகை இல்லை. கன்னமும் நெற்றியும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

அப்போதுதான் அப்பாவின் ‘குருடு’ ஞாபகம் வந்தது. 1860-களில் படமெடுத்தது ஈரக் கொலோடியன் தட்டில், அதாவது ஈரம் காயாத மருந்து பூசிய கண்ணாடியில். அந்தத் தட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கறுப்பு. நம் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் பெரும்பகுதி சிவப்பும் மஞ்சளும்தான். ஆகவே மாநிறத்தான் அதில் கறுப்பனானான், கறுப்பன் நிழலானான். மஞ்சள் பூசிய பெண் முகம் கருகிப்போகும். குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகும். வெள்ளைக்காரியின் தோலில் இருக்கும் மெல்லிய புள்ளிகள்கூட அதில் மைத்துளி மாதிரி வரும். ஆனால் அவள் பணம் கொடுத்து ஸ்டுடியோவுக்கு வந்தவள், பவுடர் போட்டு, பென்சில் தீற்றிச் சரிசெய்வார்கள். கூலிக்கு யார் பென்சில் எடுப்பார்கள்? என் கொள்ளுத்தாத்தாவின் முகத்தை அந்தப் பக்கங்களில் ஒன்றில் பார்த்தேன். எண்ணும் பெயரும் பொருந்தியதால் அவர்தான் என்று நம்புகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

எல்லா நிறமும் தெரியும் ஃபிலிம் பிறகு வந்தது என்பாய். வந்தது. கலரும் வந்தது. அதை எதை வைத்துச் சரிபார்த்தார்கள் தெரியுமா? கோடாக் கம்பெனி, படம் அச்சிடும் லேபுகளுக்கு ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. 1950-களில் முதலில் அதற்கு நின்றவள் பெயர் ஷெர்லி என்பதால், பின்னால் எத்தனை பெண்கள் மாறினாலும் அது ‘ஷெர்லி அட்டை’தான். வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் படத்தில், ஒன்றுக்கு முகம் இருக்கும், இன்னொன்றுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் இருக்கும். இது மாறியது பெற்றோர்கள் அழுததாலா? அதற்கு முன்னால் யார் புகார் கோடாக்கின் காதில் ஏறியது கேள். சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும்! பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மரத்தின் ரேகை தெரியவில்லை என்றார்களாம். அதன் பிறகுதான் பழுப்பில் இருக்கும் நுணுக்கம் அவர்கள் கவலையாயிற்று. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் ஆய்வாளர்களிடம் சொன்னது இது. மேசைக்குக் கிடைத்த மரியாதை என் பாட்டிக்குக் கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில் போலராய்ட் கேமரா, கறுப்பர்கள் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அடையாளப் பாஸ் புத்தகத்துக்குப் படமெடுத்த கதை தனி. 1970-ல் அந்தக் கம்பெனியின் சொந்த ஊழியர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள், 1977-ல்தான் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போதே கை வலிக்கிறது.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாசற்படிப் படத்தின் நெகட்டிவ் என்னிடம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் என் தம்பி மகன் அதை வாங்கிப்போய்க் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து, ‘அத்தை, பாட்டி வந்துட்டாங்க’ என்று நீட்டினான். லட்சணமான கிழவி. கன்னச் சுருக்கம், ஈரமான கண்கள், எல்லாம் இருந்தன. எங்கள் பாட்டி இல்லை. எங்கிருந்தோ ஒரு முகத்தை எடுத்து மூக்குத்திக்குப் பின்னால் ஒட்டியிருந்தது அந்த இயந்திரம். நான் அழுதேன். அவன் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான், நானும் திருத்தவில்லை. அவன் போன பிறகு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகத்தின் இடத்தில் வெறும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அங்கே வெள்ளி படியவே இல்லை. போதுமான வெளிச்சம் அவள் முகத்திலிருந்து வந்து சேரவில்லை என்பதை அந்தத் துண்டு ஃபிலிம் அப்படியே வைத்திருக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று அது சொல்லவில்லை. நீ சொல்ல வந்தது இதுதான் என்றால் உன் கட்சியில் நானும் பாதி சேர்ந்துகொள்கிறேன். ஆன்மா கீன்மா என்று மட்டும் எழுதாதே.

உன் கேள்வியை மறந்தே போனேன். மீட்டர்.

வாங்காதே. உன் மாமாவின் கேமராவில் இருக்கும் மீட்டருக்கு ஒன்றும் கேடில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை என்று எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளை வானம், சுண்ணாம்புச் சுவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ‘அடேயப்பா, ரொம்ப வெளிச்சம்’ என்று முள் சொல்லும். நீயும் குறைத்துவிடுவாய். போனது முகம்.

அதோடு உனக்குப் பத்து வருடத்து டிஜிட்டல் பழக்கம் வேறு. டிஜிட்டலில் வெள்ளை வெடித்துவிட்டால் திரும்பாது, ஆகவே வெளிச்சத்தைக் குறைத்தே எடுத்து, நிழலை வீட்டில் வந்து தூக்குகிறாய். நெகட்டிவ் ஃபிலிம் நேர் எதிர். வெளிச்சம் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடினாலும் தாங்கும், நிழல் போனால் போனதுதான். ஆகவே முகத்துக்குக் கணக்குப் போடு, வேட்டி எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். அவர்கள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உன் புறங்கையை லென்ஸுக்கு முன்னால் நீட்டி முள்ளைப் பார். நம் முகம் என்ன நிறமோ ஏறக்குறைய அதுதான் நம் புறங்கையும். அந்த எண்ணை வைத்துக்கொள், பிறகு முள் என்ன கூச்சலிட்டாலும் காதில் வாங்காதே. 400 ரோல் போட்டு, நேர் வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப்16, ஷட்டர் 1/500 நொடி என்று பாடம் படித்திருப்பாய். உச்சி வெயிலில் புருவத்துக்குக் கீழே விழும் நிழலுக்கு அது போதாது. எஃப்8-க்குத் திற.

இன்னும் இரண்டு. கே1000-ல் மீட்டரை நிறுத்தப் பொத்தான் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். ரோல் போட்ட பிறகு லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழ் சுழல்கிறதா என்று பார். சுழலவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவே இல்லை. இதை நான் எப்படிக் கற்றேன் என்று கேட்காதே, என் தங்கையின் கல்யாணம் அது.

காவடிக்கு டிஜிட்டலை வீட்டில் வைத்துவிட்டுப் போவது என்ற வீரமெல்லாம் வேண்டாம். அலகு குத்திக்கொண்டு மலையேறுகிறவன் உன் பரிசோதனைக்காக விரதம் இருக்கவில்லை. இரண்டையும் கொண்டு போ.

கோர் த கார்ட் மலையடிவாரத்தில் நானும் பால்குடத்தோடு நிற்பேன், ரோஸ் கலர் சேலையில். அங்கே எல்லோரும் ரோஸ் கலர்தான், எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று தெரியவில்லை. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, அவள் காட்டுவாள். என்னை எடுப்பதானால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் மட்டும் நிறுத்தாதே.