டூர் வேறு, கைடு வேறு

மலேசியாவின் தமான் நெகாரா மழைக்காட்டைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன.

நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு 15, 11 வயது. மே மாதம் மலேசியா போகிறோம். தமான் நெகாராவுக்கு மூன்று பகல் இரண்டு இரவு, எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்கிறார் டூர்காரர். என் கணவரோ காடுதானே, பாதை போட்டிருப்பார்கள், நாமே போகலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

உங்கள் கணவர் சொல்வது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

போய்ச் சேர்வதில் ஒரு வித்தையும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஜெரண்டுட் என்ற சின்ன ஊருக்குப் பேருந்து இருக்கிறது, மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து கோலா தஹான் கிராமத்துக்கு இன்னொரு பேருந்து அல்லது டாக்சி. இல்லையென்றால் கோலா தெம்பெலிங் படகுத்துறையில் நீளமான மரப்படகு ஏறி ஆற்றோடு இரண்டரை, மூன்று மணி நேரம் போகலாம். பிள்ளைகள் இருப்பதால் ஒரு வழியாவது படகில் போங்கள். கிராமம் ஆற்றின் இந்தக் கரை, காட்டு அலுவலகம் அந்தக் கரை. நடுவே தண்ணீரில் மிதக்கிற சாப்பாட்டுக் கடைகள். சின்னப் படகில் அக்கரை போக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டால், பக்கத்துப் பாதைகளில் நீங்களே நடக்கலாம். கைடு கட்டாயமில்லை.

நான் முதல் தடவை தனியாகத்தான் போனேன். திமிர்தான். புக்கிட் தெரெசெக் என்ற குன்றில் ஏறி இறங்கினேன், முந்நூறு மீட்டர் சொச்சம் உயரம், படிக்கட்டெல்லாம் உண்டு. காலையிலிருந்து மதியம் வரை என் கண்ணில் பட்டது பச்சை, பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. மரம், மரத்தைச் சுற்றிய கொடி, கொடி மேல் இன்னொரு செடி, ஒரே ஒரு கம்பளிப்பூச்சி. சத்தம் மட்டும் காதைத் துளைத்தது, சில்வண்டு கத்துவது மர மில்லில் வாள் ஓடுகிற மாதிரி இருக்கும். 13 கோடி வருஷத்துக் காடு என்கிறார்கள், பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலத்தில் 4343 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது, இதில் ஒரு மான்கூடவா இல்லை என்று எரிச்சலோடு திரும்பினேன்.

மறுநாள் அதே பாதை. இந்தத் தடவை ஊர்க்காரர் ஒருவரை அரை நாளுக்குப் பேசி அழைத்துப் போனேன். ஐம்பது வயது இருக்கும், காலில் அவர்கள் ஊரில் கிண்டலாக ‘அடிடாஸ் கம்போங்’, அதாவது கிராமத்து அடிடாஸ் என்று சொல்லும் கறுப்பு ரப்பர் ஷூ. என் காலில் இருந்த ஷூ அதைப் போல எத்தனையோ மடங்கு விலை, அவருக்கு வழுக்கவில்லை, எனக்கு வழுக்கியது. அலுவலகத்தைத் தாண்டி இருநூறு அடி போயிருப்போம், நின்றார். “தெங்கோக்” என்றார். பார் என்று அர்த்தம். பார்த்தேன், மரப்பட்டை. இன்னும் உற்றுப் பார்த்தேன், அப்போதும் மரப்பட்டைதான். அவர் விரலை நீட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, சும்மா நின்றார். திடீரென்று அந்தப் பட்டையில் ஒரு துண்டு, கழுத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு சின்ன விசிறியை நீட்டி மடக்கியது. பறக்கும் ஓணான்! விலாவுக்குப் பக்கத்துத் தோலை விரித்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு மிதந்து போய் ஒட்டியது, ஒட்டியதும் மறுபடி மரப்பட்டை ஆகிவிட்டது. முந்தைய நாள் அந்த மரத்தில் கையை ஊன்றிக்கொண்டுதான் நான் ஷூ லேஸ் கட்டினேன்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஈர மண்ணில் ஒரு தடம், முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று, குட்டித் தும்பிக்கை வைத்த பன்றி மாதிரி இருக்கும் டாபிர் என்ற மிருகம் ராத்திரி நடந்து போயிருக்கிறது. பாதையோரம் தொங்கிய பிரம்புக் கொடியின் கொக்கி முள், பிடித்தால் சட்டையை விடாது, முன்னே இழுக்காமல் ஒரு அடி பின்னால் வந்தால் தானே கழன்றுவிடும் என்று செய்து காட்டினார்.

முதுமலையில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே மான் கூட்டம் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே தரையில் புல் இருக்கிறது, புல்லுக்குக் கூட்டம் வருகிறது. மழைக்காட்டில் வெயில் தரைக்கு வருவதே அபூர்வம், அதனால் புல் இல்லை, இலையும் பூவும் பழமும் நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, பாதி உயிர்கள் அங்கேயே குடித்தனம் நடத்துகின்றன. கீழே இருப்பவை பெரும்பாலும் தனியாகத் திரிபவை, ராத்திரி நடப்பவை. பத்து அடி தள்ளி நின்றாலும் நமக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், பாதை காட்ட ஆள் தேவையில்லை, கண்ணைக் கடன் கொடுக்க ஒரு ஆள் தேவை.

அந்த ஆளை டூர் பேக்கேஜில் தருவார்களே என்பீர்கள். தருவார்கள், கூடவே இன்னும் இருபத்தைந்து பேரையும் தருவார்கள். இன்னொரு தடவை ஒரு கம்பெனியின் பேக்கேஜில் ராத்திரி நடைக்குப் போனேன். முப்பது பேர் வரிசை, முப்பது டார்ச், முன்னால் கைடு எதையோ காட்டுகிறார், அது வால் பக்கம் வந்து சேர்வதற்குள் காட்டப்பட்ட ஜந்து ஓடிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் முன்னால் போனவரின் முதுகுப்பை. பேக்கேஜில் சொல்லும் ராத்திரி நடை, தொங்குபாலம், பாறைகளுக்கு நடுவே சீறி ஓடும் ஆற்றுநீரைப் படகில் தாண்டுவது எல்லாமே கோலா தஹானில் தனித்தனியாகக் கிடைக்கிறது. அதனால் பேருந்தும் அறையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உரிமம் உள்ள கைடு ஒருவரை உங்கள் நாலு பேருக்கு மட்டும் ஒரு பகலில் அரை நாள், ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் கணவர் ஆசைப்படி நீங்களே சுற்றுங்கள். ராத்திரிக்குக் கைடிடம் புறஊதா டார்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வெளிச்சத்தில் தேள் நீலப்பச்சையாகப் பளபளக்கும், 11 வயசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அது பாத்தேக் பழங்குடிக் குடியிருப்புக்குப் படகுபடகாக ஆள் இறக்குவது. ஊதுகுழலில் அம்பு விட்டுக் காட்டுகிறார்கள், பிரம்பைத் தேய்த்துத் தீ மூட்டிக் காட்டுகிறார்கள், நாமும் மூங்கில் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அவர்களுக்கு அதில் வருமானம் உண்டு, மறுக்கவில்லை. எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. நாங்கள் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தும் தமான் நெகாரா போனதில்லை. அவரைக் கூட்டிப் போகலாமா? தொங்குபாலத்தில் நடக்க முடியுமா?
- வாசகர், கிள்ளான்

கூட்டிப் போங்கள். அலுவலகத்தைச் சுற்றிப் பலகைப் பாதை இருக்கிறது, அதில் மெதுவாக நடந்தாலே பெரிய பெரிய மரங்களின் அடிப்பட்டையைப் பார்த்துவிடலாம். தொங்குபாலத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல ஏற்ற இறக்கத்தில் நடக்க வேண்டும், அப்புறம் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு பலகை அகலத்தில், ஆடுகிற கயிற்றுப் பாலம். முழங்கால் நன்றாக இருந்து, மனசும் ஒத்துக்கொண்டால் 72 ஒரு வயதே இல்லை. பாதியில் திரும்ப முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழுது பார்க்க அடிக்கடி மூடுவார்கள், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் திறந்திருக்காது, அதனால் பசியாறியதும் முதல் வேலையாக அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் படகு. தஹான் ஆற்றில் லாத்தா பெர்கோ என்ற சிற்றருவி வரை போகிற வழி முழுக்க இரண்டு கரை மரமும் தலைக்கு மேல் கை கோத்துக்கொண்டிருக்கும், அப்பா உட்கார்ந்த இடத்திலேயே காட்டுக்குள் இருப்பார். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டாம், கிழக்குக்கரைப் பருவமழை.

அட்டைக்கு என்ன செய்வது? அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.
- வாசகி, கோயம்புத்தூர்

கடிக்கும். இதற்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். மலாய்க்காரர்கள் தரையட்டையைப் பாச்சாட் என்றும் தண்ணீர் அட்டையை லிந்தா என்றும் பிரித்துச் சொல்வார்கள், உங்களைத் தேடி வருவது பாச்சாட். அதிலும் இரண்டு ரகம். பழுப்பு நிறத்தில் தரையோடு வருவது கடித்தால் தெரியவே தெரியாது, சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். கோடு போட்டிருக்கிற புலியட்டை இடுப்பு உயர இலையில் காத்திருக்கும், அது கடித்தால் சுருக்கென்று இருக்கும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி அட்டை சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பேண்ட்டை அதற்குள் விட்டுக் கட்டுங்கள், மேலே கொசு மருந்து அடியுங்கள். ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், நெருப்பும் உப்பும் வேண்டாம், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைதான் வாய், அதன் ஓரத்தில் நகத்தை விட்டுத் தள்ளினால் விட்டுவிடும், உடனே அடுத்த முனையையும் தள்ளிச் சுண்டிவிடுங்கள். ரத்தம் உறையவிடாத ஒன்றை அது எச்சிலில் கலந்து விடுவதால் வெகுநேரம் கசியும். பிளாஸ்திரி போதும். பார்க்கத்தான் பயங்கரம்.

புலி தெரியுமா?
- வாசகர், சேலம்

தெரியாது. மலேசியக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 150-க்கும் குறைவான புலிகள்தான் மிச்சம் என்று அவர்கள் நாட்டுக் கணக்கெடுப்பே 2022-இல் சொல்லிவிட்டது. புலி காட்டுகிறேன் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரி மாணவன், தனியாகப் பயணம் செய்பவன். குனுங் தஹான் சிகரத்துக்குத் தனியாகப் போக முடியுமா?
- வாசகர், சென்னை

முடியாது, விட மாட்டார்கள். 2187 மீட்டர், தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான மலை, கைடு இல்லாமல் அனுமதி இல்லை. கோலா தஹான் பக்கமிருந்து போய்வர ஒரு வாரம் ஆகும், காட்டின் இன்னொரு வாசலான மேராப்போ பக்கமிருந்து ஏறினால் நாள் குறையும். தனிமைதான் வேண்டும் என்றால் பும்புன் கும்பாங் இருக்கிறது. காட்டு விலங்குகள் உப்பு மண் நக்க வருகிற இடத்துக்கு எதிரில் கால் நட்டுக் கட்டிய மறைவுக் குடில், உள்ளே பலகைக் கட்டில், மின்சாரம் கிடையாது. நடந்து போனால் 11 கிலோமீட்டர் சொச்சம், ஐந்தாறு மணி நேரம், பாதியில் ஓடை கடக்க வேண்டும். படகில் பாதி தூரம் போய் மிச்சத்தை நடக்கவும் செய்யலாம். அதற்கும் ஒரு துணையோடு போங்கள், அலுவலகத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். போனில் சிக்னல் இருக்காது. அங்கே சூரியன் மறைவது ஏழு மணி வாக்கில், ஆனால் மரத்தடியில் ஆறு மணிக்கே கையெழுத்து மறையும். பாதை தெரியாமல் போனால் முன்னே போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்புங்கள், அதுவும் தெரியாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள். காலில் புண் இருந்தால் ஓடைத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?
- வாசகி, கும்பகோணம்

கொஞ்சம் கஷ்டம்தான். மிதக்கும் கடைகளில் காய் போட்ட வறுத்த சோறும் மீ என்ற நூடுல்ஸும் கிடைக்கும், ஆனால் பெலாச்சான் என்ற இறால் விழுதும் நெத்திலியும் கேட்காமலே விழும். இரண்டின் பெயரையும் சொல்லி வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள், வெறும் சோறு எங்கேயும் தருவார்கள்.

இவ்வளவு செலவு செய்து மலேசியா போக வேண்டுமா? வால்பாறையும் மழைக்காடுதானே, அங்கே நாங்களே நடக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

மழைக்காடுதான், சந்தேகமே இல்லை. நாங்களே நடக்கலாமா என்றால், கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது குற்றம், போதாததற்கு யானை. டாப்சிலிப்பில் வனத்துறையே ஆள் அனுப்பி நடக்க அழைத்துப் போகிறது, வருகிறவர்களில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்த பழங்குடியினர், அவர்களோடு போங்கள்.

ஆனால் உங்களுக்கு இருக்கிற ஒரு வசதி மலேசியாவில் கிடையாது. 40 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி வால்பாறை போய், புதுத்தோட்டம் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லாத சிங்கவால் குரங்கு சாலையோர மரத்தில் பலாப்பழம் பிய்த்துக்கொண்டிருக்கும். கைடு வேண்டாம், டூர் வேண்டாம். தின்ன மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள். தலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயைக் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள், குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடப்பதற்கு. அதுவும் தொங்குபாலம்தான், வெள்ளிக்கிழமை மதியமும் திறந்திருக்கும்.